கொதியில் போகாத நஞ்சு

கொல்லிமலையின் நாடுகளில் ஒன்று பெரக்கரை நாடு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் இந்த மலையில், ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பெரும்பகுதி இன்று மரவள்ளிக்குப் போய்விட்டது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் கிழங்கு லாரிகளுக்காகக் காத்திருக்கின்றன. மரவள்ளியில் சயனைடு உண்டு என்று யாரும் பாடம் நடத்தாமலே மலை மக்களுக்கு அதோடு பழகத் தெரியும். பச்சைத் தழையை அறுத்த கையோடு மாட்டுக்குப் போடக்கூடாது, வாடவிட்டுப் போட வேண்டும். கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, தண்ணீர் தாராளமாக ஊற்றி வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தப் பக்குவத்துக்குள் நல்ல வேதியியல் இருக்கிறது. கிழங்கிலுள்ள லினமாரின் என்ற பொருள் நீரில் கரையக்கூடியது. செல்கள் நசுங்கும்போது பக்கத்திலேயே இருக்கும் ஒரு நொதி அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. அது ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். அதனால் நறுக்குவதும் ஊறவைப்பதும் வேகவைப்பதும் சேர்ந்து நஞ்சைக் கிழங்கிலிருந்து விரட்டிவிடுகின்றன.

கசந்தால் துப்பு, நாறினால் எறி, சந்தேகம் வந்தால் நன்றாக வேகவை. உலகத்தின் எல்லாச் சமையலறைகளும் இந்த மூன்று விதிகளை நம்பித்தான் நடக்கின்றன. மலையிலும் சமவெளியிலும் இவை பெரும்பாலும் கைவிடுவதில்லை. கடற்கரையில், ஆண்டின் ஏதோ சில வாரங்களில், இந்த மூன்றும் ஒரே சமயத்தில் கைவிட்டுவிடும்.

பாலாறு கடலைத் தொடும் இடத்தில், கல்பாக்கத்துக்குத் தெற்கே இருக்கிறது வாயலூர். 1981-ல் அங்கே மட்டி சமைத்து உண்டவர்களில் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று பேர் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.வி. பட் அந்தச் சம்பவம் பற்றி அறிக்கை எழுதினார். சிப்பி வகை உணவால் உண்டாகும் வாத நஞ்சுக்கு இந்தியாவில் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். அவர்கள் உண்டது மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்ற இனத்து மட்டி. பழவேற்காடு தொடங்கித் தெற்கே வரிசையாக வரும் கழிமுகங்களில் சேறும் மணலும் கலந்த தரையில் புதைந்து கிடக்கும் சாதாரண மட்டி. தண்ணீரில் இறங்கிக் கையாலும் காலாலும் தடவி எடுப்பார்கள். சதை குழம்புக்கு, ஓடு சுண்ணாம்புக் காளவாய்க்கு. படகு வேண்டாம், வலை வேண்டாம், முதல் வேண்டாம். கையில் காசில்லாத நாளிலும் ஒரு குடும்பத்துக்குப் புரதம் தருகிற உணவு அது. வாயலூரை நினைக்கும்போது என்னை உறுத்துவது இதுதான். வாங்கித் தின்ன வசதியில்லாதவரைத் தேடிப் போகிற நஞ்சாக இது இருக்கிறது.

இரண்டே ஆண்டுகளில், 1983-ல், மங்களூருக்குத் தெற்கே கும்பளாவில் அதே இனத்து மட்டியைத் தின்ற சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு சிறுவன் இறந்தான். மங்களூர் மீன்வளக் கல்லூரியின் இட்யா கருணாசாகர், இந்திராணி கருணாசாகர் இருவரும் அங்கே ஆய்வு நடத்தினார்கள். மேற்குக் கரையில் இந்த நஞ்சு பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் தொடர்ந்து செய்த வேலையிலிருந்து வந்தது. பிறகு 1997 செப்டம்பரில் விழிஞ்ஞம். பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியான பெர்னா இண்டிகாவைத் தின்று ஏழு பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். விழிஞ்ஞம் கேரளத்தில் இருந்தாலும், அதே பாறைக் கரையும் அதே சிப்பியும் எல்லையைத் தாண்டிக் குளச்சல், கடியபட்டணம், முட்டம் என்று குமரி மாவட்டத்துக்குள் தொடர்கின்றன. மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்தெடுக்கும் தொழிலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாநில எல்லை கடலுக்குத் தெரியாது.

நஞ்சு சிப்பியில் பிறப்பதில்லை. அதை உண்டாக்குவது கடல்நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. டைனோஃபிளாஜெல்லேட் என்ற பெருங்குடும்பத்தில் அலெக்சாண்ட்ரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம் போன்ற பேரினங்களின் சில இனங்கள் மட்டும் இதைச் செய்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் முப்பதை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசைகள். ஒன்று இடுப்பைச் சுற்றிய பள்ளத்தில் நெளியும், மற்றொன்று பின்னால் நீளும். இரண்டின் உந்துதலால் உயிரி சுழன்று சுழன்று நீந்தும். பகலில் மேலே வந்து வெயில் வாங்கும், இரவில் கீழே இறங்கிச் சத்துப் பொறுக்கும். நீர் அமைதியாக, வெதுவெதுப்பாக, சத்தோடு இருக்கும் நாட்களில் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகும்.

இந்தப் பெருக்கத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு பாறையில் ஒட்டியிருக்கிறது சிப்பி. அது இரை தேடிப் போவதில்லை. செவுள்கள் வழியாக மணிக்குச் சில லிட்டர் நீரை இழுத்து, அதில் மிதப்பதை வடித்துத் தின்கிறது. நல்ல பாசி, கெட்ட பாசி என்ற வேறுபாடு அதற்கு அதிகம் இல்லை. பாசி செரித்துப் போகும், நஞ்சு செரிமான உறுப்பில் தங்கும். ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாத அளவு நஞ்சு, நாள் கணக்கில் நீரை வடித்த ஒரு சிப்பியின் சதையில் ஆளைக் கொல்லும் அளவாகச் சேர்ந்துவிடுகிறது. சிப்பிக்கு அதனால் பெரிய கேடு வருவதில்லை, அதன் நரம்புகள் நம்முடையதைவிடத் தாங்கக்கூடியவை. பெருக்கம் அடங்கியபின் பெரும்பாலான கல்லொட்டிச் சிப்பிகள் சில வாரங்களில் நஞ்சைக் கழித்துவிடும். அலாஸ்காவின் சாக்சிடோமஸ் என்ற மட்டியோ இரண்டு ஆண்டுகள் வரைகூட அதைத் தன்னிடம் வைத்திருக்கும். அந்த மட்டியின் பேரைக் கொண்டுதான் நஞ்சுக்கும் சாக்சிடாக்சின் என்று பெயர் வந்தது.

பாசிக்கு இந்த நஞ்சால் என்ன ஆதாயம்? முழு விடை இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு சான்று என்னை மிகவும் கவர்கிறது. கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் இந்தப் பாசிகளை மேய்கின்றன. அவை நீரில் விடும் வேதிப்பொருள்களின் சாயலை உணர்ந்தாலே அலெக்சாண்ட்ரியம் தன் நஞ்சின் அளவைப் பலமடங்கு கூட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு உயிர்களுக்கு நடுவே நடக்கும் போர் அது. மனிதன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

கடலோரத்தோடு இது முடிந்துவிடுகிறது என்று மலைநாட்டு வாசகர் நினைத்துவிடக் கூடாது. நன்னீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளில் சிலவும் இதே சாக்சிடாக்சினைச் செய்கின்றன. 1991-ல் ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படிப்பட்ட பாசி படர்ந்தது. ஆற்று நீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்தன, நியூ சவுத் வேல்ஸ் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, உள்நாட்டு ஆற்றில் நடந்தது அது. குளத்தின் மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் ஆடை படர்ந்திருந்தால் மாட்டை அங்கே இறக்காமல் இருப்பதே நல்லது.

உடலுக்குள் போனால் இந்த நஞ்சு செய்வது ஒரே ஒரு வேலை. நரம்பில் செய்தி ஓடுவதென்றால், நரம்புச் செல்லின் சவ்விலிருக்கும் சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். ஒரு வாயில் திறந்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று அந்தப் பாய்ச்சல் நரம்பின் நீளத்துக்கும் ஓடும். சாக்சிடாக்சின் மிகச் சிறிய மூலக்கூறு, நேர்மின்னேற்றம் கொண்டது. அது வாயிலின் வெளிப்புற வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சோடியம் உள்ளே போக முடியாது, செய்தி அங்கேயே நின்றுவிடும்.

தின்ற சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டொரு மணி நேரத்தில், உதடும் நாக்கும் கூசும், மரத்துப்போகும். பிறகு முகம், கழுத்து, விரல் நுனிகள். சிலருக்கு உடம்பு காற்றில் மிதப்பதுபோல் இருக்கும். கைகால் சோரும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. கடைசியில் உதரவிதானமும் விலாத் தசைகளும் ஓய்ந்து மூச்சு நிற்கும். இத்தனையும் நடக்கும்போது நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவு தெளிவாகவே இருக்கும். ஒரு பெரிய ஆளைக் கொல்ல ஒன்று முதல் நான்கு மில்லிகிராம் போதும். எடைக்கு எடை பார்த்தால் மரவள்ளியின் சயனைடைவிடப் பல மடங்கு கொடியது. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

ஆனாலும் இந்த நஞ்சுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது நரம்பை அழிப்பதில்லை, அடைத்துத்தான் வைக்கிறது. சிறுநீரகங்கள் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. மூச்சு நிற்கும் அந்தச் சில மணி நேரம் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றிவிட்டால், பெரும்பாலோர் ஓரிரு நாளில் எந்த ஊனமும் இல்லாமல் எழுந்து நடப்பார்கள். ஆகவே சாவா பிழைப்பா என்பது, வெண்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்தது.

சமையல் இங்கே ஏன் தோற்கிறது என்பது இப்போது புரியும். சாக்சிடாக்சின் ஆவியாகிற பொருள் இல்லை, கொதிநீரின் சூட்டில் சிதைகிற பொருளும் இல்லை. புளியும் தக்காளியும் போட்ட குழம்பின் புளிப்பில் அது இன்னும் உறுதியாக நிற்கும். நீரில் கரையும் என்பது உண்மை, அதனால் வேகவைக்கும்போது ஒரு பங்கு சதையிலிருந்து சாற்றுக்கு இறங்கும். மரவள்ளி வெந்த தண்ணீரைக் கொட்டுகிறோம், சிப்பி வெந்த சாற்றை யாராவது கொட்டுவார்களா? ருசியே அதில்தானே இருக்கிறது. 1987-ல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் சாம்பெரிகோ பகுதியில் மட்டிச் சூப் குடித்த 187 பேர் நோயில் விழுந்தார்கள், 26 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் இறந்தார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப்பேர். சின்ன உடம்புக்கு அதே கிண்ணம் பெரிய அளவாகிவிடுகிறது. ‘குழந்தைக்குச் சதை வேண்டாம், சாறு மட்டும் கொடு’ என்று அன்போடு சொல்வதே இங்கே ஆபத்தாக முடியலாம்.

இந்த நஞ்சின் எழுதப்பட்ட வரலாறு பழையது. 1793 ஜூன் மாதம், ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணக் குழுவைச் சேர்ந்த சிலர், இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் ஒரு குடாவில் இறங்கிக் காலை உணவுக்குச் சிப்பியைச் சுட்டுத் தின்றார்கள். கொஞ்ச நேரத்தில் முகமும் கைகால்களும் மரத்தன. வியர்த்தால் சரியாகும் என்று துடுப்பு வலிக்கச் சொன்னார்கள், வெந்நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்று மதியத்துக்குள் இறந்தார். கார்ட்டர் குடா, நஞ்சுக் குடா என்று வான்கூவர் வைத்த பெயர்கள் வரைபடத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கண்டத்தின் கரையில் காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளுக்கோ இது புதிதல்ல. கலிபோர்னியக் கரையில் இரவில் கடல் ஒளிர்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்து, ஒளிர்ந்தால் சிப்பி எடுப்பதை நிறுத்திவிடும் வழக்கம் அவர்களுக்கு இருந்ததாகப் பதிவு உண்டு.

விடை கிடைக்க 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் 102 பேர் சிப்பி தின்று பாதிக்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். கார்ல் மேயரும் ஹெர்மன் சோமரும் அங்கிருந்து தொடங்கிப் பத்தாண்டு உழைத்தார்கள். சிப்பிச் சாற்றை எலிக்குள் செலுத்தி, அது எவ்வளவு நேரத்தில் சாகிறது என்பதைக் கொண்டு நஞ்சை அளந்தார்கள். 20 கிராம் எடையுள்ள எலியை 15 நிமிடத்தில் கொல்லும் அளவை ஓர் அலகாக வைத்தார்கள். கரையோரச் சிப்பியில் நஞ்சு ஏறி இறங்குவதையும் கடல்நீரில் ஒரு குறிப்பிட்ட பாசி பெருகி அடங்குவதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, 1937-ல் குற்றவாளியைப் பெயர் சொல்லி அறிவித்தார்கள். இன்று அதன் பெயர் அலெக்சாண்ட்ரியம் கட்டெனெல்லா. தொற்றுநோய் ஆய்வும் கடல் ஆய்வும் இவ்வளவு அழகாகக் கைகோத்த இடங்கள் குறைவு என்பேன்.

அதற்குப் பின் கதை இருண்ட பக்கம் திரும்பியது. எட்வர்ட் ஷான்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அலாஸ்கா மட்டிகளை டன் கணக்கில் அரைத்து 1957-ல் நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தபோது, அது அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வேலையாக இருந்தது. 1960-ல் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தின் விமானி கேரி பவர்ஸிடம், வெள்ளி நாணயத்துக்குள் ஒளித்த நஞ்சூசி இருந்தது. அதில் தடவியிருந்தது சாக்சிடாக்சின் என்று பின்னாளில் வெளியே வந்தது. நச்சு ஆயுதங்களை அழிக்கச் சொல்லி அதிபர் நிக்சன் உத்தரவிட்ட பிறகும் உளவுத்துறையின் கிடங்கில் ஏறத்தாழ 11 கிராம் மிஞ்சியிருந்தது 1975-ல் செனட் விசாரணையில் அம்பலமானது. கடைசியில் அது நரம்பியல் ஆய்வாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சோடியம் வாயிலை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் பொருள் என்பதால், அந்த வாயில்களை எண்ணவும் பிரித்தெடுத்துப் படிக்கவும் அது கருவியானது. பல் பிடுங்கும்போது போடும் மரப்பூசியும் வலிப்பு மருந்துகளில் சிலவும் அதே வாயில்களில்தான் வேலை செய்கின்றன.

கடலின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். தமிழகக் கரையில் இதைப் பற்றிய குழப்பம் அதிகம். 2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னையின் பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைக் கரைகளில் அலை உடையும்போதெல்லாம் நீல ஒளி தெறித்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அதற்கடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. 2008 அக்டோபரிலும் அங்கே இதேபோல் நடந்திருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் நாக்டிலூகா என்ற உயிரி. அது மீனைக் கொல்வது அம்மோனியாவாலும், நீரில் பிராணவாயு தீர்ந்துபோவதாலும். சிப்பியில் சாக்சிடாக்சினை அது ஏற்றுவதில்லை. எதிர்ப்பக்கமும் உண்மை. அலெக்சாண்ட்ரியம் லிட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருந்தாலே சிப்பி ஆபத்தாகிவிடலாம். அந்த அளவில் தண்ணீர் நிறம் மாறவே மாறாது, கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். சிவந்த கடல் எல்லாம் நஞ்சில்லை, தெளிந்த கடல் எல்லாம் நல்லதும் இல்லை. ஒளிர்கிற கடலை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஒளிராத கடலை அனுமதியாக எடுத்துக்கொண்டால்தான் தவறு.

பாசி நஞ்சு இந்த ஒரு வகை மட்டுமில்லை. 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்ற நூற்றுக்கு மேற்பட்டோரில் சிலர் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலையே இழந்தார்கள். காரணம் ஒரு டயாட்டம் பாசி செய்த டொமோயிக் அமிலம். ஜப்பானில் 1976-ல் வயிற்றுப்போக்கு நஞ்சு அடையாளம் காணப்பட்டது. நம் பக்கத்தில் இப்படி எத்தனை வயிற்றுப்போக்குகள் ‘ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று போயினவோ. 2004 செப்டம்பரில் கொல்லத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடைப்பட்ட கரையில் பாசிப் பெருக்கத்தின் நாற்றம் காற்றில் பரவி, இருநூறுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், குமட்டலும் மூச்சுத்திணறலுமாக அவதிப்பட்டார்கள். அதற்குச் சிப்பி தின்ன வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

செப்டம்பர் என்பதை மறுபடி கவனியுங்கள், 1997-லும் 2004-லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரள, குமரிக் கரைகளில் மேல்நீரை விலக்கிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே ஏறுகிறது. மத்திக்கும் நெத்திலிக்கும் சோறு போடுவது அந்த மேலேற்றந்தான். அதே சத்தில்தான் பாசிகளும் பெருகுகின்றன. அவற்றுள் எந்த இனம் எந்த ஆண்டு முந்தும் என்பதுதான் கேள்வி. ஆறுகள் கொண்டுவரும் உரச்சத்தும் கழிவுநீரும் கழிமுகங்களில் இதற்குத் துணைபோகின்றன. கொல்லிமலையில் பிறக்கும் ஐயாறும் கடைசியில் காவிரி வழியாகக் கடலுக்குப் போகும் நீர்தான். இன்னொரு சிக்கல், இந்தப் பாசிகளில் பல பெருக்கம் முடிந்ததும் தடித்த உறைக்குள் சுருங்கிச் சேற்றில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் உறங்கும். துறைமுகம் தூர்வாரும்போது எழும், கப்பலின் சமநிலைத் தொட்டி நீரோடு கண்டம் விட்டுக் கண்டம் போகும். கப்பல்நீரைக் கட்டுப்படுத்தும் 2004-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே காவல் வீட்டு அடுப்பில் இருக்க முடியாது. கடலில்தான் இருக்க வேண்டும். உலகம் இதை எப்படிச் செய்கிறது? கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை மக்கள் தாங்களாகப் பாறையில் சிப்பி எடுத்து உண்பதற்குத் தடை. பணக்கார நாட்டுக்குச் சரி, நமக்கு முடியுமா என்று கேட்பவருக்குப் பிலிப்பைன்ஸைக் காட்டுவேன். 1983-ல் சமார் தீவுப் பகுதியில் பைரோடினியம் பெருகியது தொடங்கி அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அடியிலிருந்து எழுந்து, இன்று அந்நாட்டு மீன்வளத் துறை விரிகுடா விரிகுடாவாகச் சிப்பியைச் சோதித்து, எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று தொடர்ந்து அறிவிக்கிறது. சந்தைப் பெண்மணிக்கும் அந்த அறிவிப்பு தெரியும்.

இந்தியாவில் ஹைதராபாத்தின் தேசிய கடல்சார் தகவல் மையம் 2023 ஜனவரியில் பாசிப் பெருக்கத் தகவல் சேவையைத் தொடங்கியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, வடகிழக்கு அரபிக்கடல், கேரளக் கடலோரம், மன்னார் வளைகுடா, ஒடிசாவின் கோபால்பூர் ஆகிய இடங்களைச் சிறப்பாகக் கவனிக்கிறது. இது நல்ல தொடக்கம், மனமார வரவேற்கிறேன். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது நிறத்தை. நிறம் மாறாமலே கொல்லக்கூடிய பாசியைப் பிடிக்க, வாராவாரம் நீரை மொண்டு நுண்ணோக்கியில் எண்ண வேண்டும், சிப்பிச் சதையைச் சோதிக்க வேண்டும். ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராமுக்கு மேல் சாக்சிடாக்சின் இருந்தால் ஐரோப்பியச் சந்தை ஏற்காது. ஏற்றுமதிச் சிப்பிக்கு அந்தச் சோதனை நடக்கிறது. விலை கொடுத்து வாங்கும் ஐரோப்பியருக்குக் கிடைக்கும் காவல், வாயலூரில் கழிமுகத்தில் இறங்கித் தன் வீட்டுக்கு மட்டி எடுக்கும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையங்கள் இருக்கின்றன, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியலுக்கு என்றே ஒரு பல்கலைக்கழகத் துறை இருக்கிறது. பாசியை இனம் காணத் தெரிந்த கண்கள் நம் கரையில் உண்டு. அவர்கள் கண்டது அதே வாரத்தில் மீனவக் கிராமத்தின் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேருவதுதான் இனி நடக்க வேண்டியது. வானிலை எச்சரிக்கை அப்படிப் போய்ச் சேர்கிறது, இதுவும் சேரலாம்.

அதுவரை, கடலோரத்தில் இருப்பவர்களும், விடுமுறைக்குக் கடலோரம் போய் இறங்குகிறவர்களும் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில. பக்கத்தில் மீன் செத்து ஒதுங்கினாலோ, கடல் நிறம் மாறினாலோ, இரவில் ஒளிர்ந்தாலோ அந்த வாரம் சிப்பி, மட்டி, ஆளி வேண்டாம். குழந்தைகளுக்கு எந்த நாளிலும் சாற்றைக் குறைத்தே கொடுங்கள். தின்றபின் உதடோ நாக்கோ மரத்தால், காரமோ என்று தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள், படுத்துத் தூங்கவும் விடாதீர்கள். 108-ஐ அழைத்து, செயற்கைச் சுவாசக் கருவி இருக்கும் மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். விழுங்க முடியாதவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், மருத்துவமனை வரும்வரை நிறுத்தாதீர்கள், இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அதே சட்டியில் தின்ற மற்றவர்களையும், இப்போது ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னாலும், கூடவே கூட்டிப் போங்கள். மிச்சமிருக்கும் சிப்பியையும் குழம்பையும் பயத்தில் கடலில் கொட்டிவிடாமல், ஒரு டப்பாவில் மூடி ஐஸில் வைத்து, எந்தப் பாறையில், எந்தக் கழிமுகத்தில், எந்த நாள் எடுத்தது என்ற விவரத்தோடு மருத்துவரிடம் கொடுங்கள். அந்த இடத்தில் அடுத்த ஆள் இறங்குவதற்குள் தடை போட அதிகாரிகளுக்கு அந்த டப்பா வேண்டும்.